பூசணிக்கும் மீசைக்கும் நடுவே

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா தன்னை நலம் என்று சொல்லிக்கொள்கிறார்.

முதலில், இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு தபாலில் கடிதம் போடுகிறாளே என்று அத்தை சிரிப்பார். போனில் என் வாயிலிருந்து "ம்", "சரி", "அப்புறம்" என்ற மூன்று சொற்களுக்கு மேல் வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்னைப் "பட்டதாரி" என்று கூப்பிடத் தொடங்கிய பிறகும் நான்காவது சொல் வந்து சேரவில்லை. எழுத்தில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் தாராளமாக வருகிறது. அதனால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள். விஷயம் உங்கள் வண்டியைப் பற்றியது. உங்கள் மீசையைப் பற்றித்தான்.

நீங்கள் கொடுத்த விளம்பரத்தை முதலில் பார்த்தவள் நான்தான். எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் பழைய பத்திரிகையை விரித்து அதன்மேல் டப்பாவை வைத்துச் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கு என் டப்பாவின் மூடிக்குப் பக்கத்தில், "பழைய கார் விற்பனைக்கு. ஒரே கை ஓட்டியது. முன்பக்கம் கம்பீரமாக இருக்கும். இடமின்மை காரணம்" என்று இருந்தது. போன் நம்பரைப் பார்க்கும் முன்பே "கம்பீரம்" என்ற சொல்லில் நீங்கள் தெரிந்துவிட்டீர்கள். அந்த வண்டியின் முகத்தில் பளபளவென்று இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் கம்பிக்கு உலகத்தில் உங்களைத் தவிர யாரும் அந்தச் சொல்லைப் போட்டதில்லை. அப்பா போட்ட சொல் மீசை. பதிலுக்கு நீங்கள் எங்கள் வண்டிக்குப் பூசணி என்று பேர் வைத்தீர்கள். ஒரே வருடத்தில் செய்த இரண்டு கார்கள், மூடிப்போன ஒரே கம்பெனியின் ஷெட்டிலிருந்து ஒரே நாளில் நம் இரண்டு வீட்டுக்கும் வந்தவை. மானேஜர் ஓட்டியது உங்களுக்கும், கணக்கர் ஓட்டியது அப்பாவுக்கும் கிடைத்தது. அதிலிருந்தே யாருடையது உயர்ந்தது என்ற பேச்சு தொடங்கி, நான் பிறந்து, வளர்ந்து, படித்து முடிக்கும் வரை முடியவில்லை.

விளம்பரத்தைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னார். "ஒரே கை ஓட்டியதாம். அந்த மானேஜர் கை எங்க போச்சு? ஞாயித்துக்கிழமையானா நான் ஓட்டினேனே, அது காலா?" என்றார். "இடமின்மையாம். இங்க ரெண்டு வண்டிக்குன்னு போட்ட ஷெட்டு பாதி காலியாத்தானே கிடக்கு" என்றார். பிறகு, "போகட்டும். நல்லதாப் போச்சு. ரோட்டுக்கு ஒரு பாரம் குறையும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பசிக்கவில்லை என்று எழுந்து போய்ப் பூசணியைத் துடைக்க ஆரம்பித்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

இனி நான் சொல்லப் போவதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டும். மறுநாள் உங்களுக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் போன் செய்திருப்பார். அது அப்பா. வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, பட்டறையில் உடன் வேலை செய்யும் வெல்டரின் போனை வீட்டுக்கு வாங்கி வந்து பேசினார். கைக்குட்டையைப் பிடித்த அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டதால், உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்து வீடு முழுவதும் கேட்டது. அம்மா ஈரக்கையோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"வண்டி எப்படி?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நல்ல வண்டி சார். இந்தக் காலத்துல இப்படிப் பாக்க முடியாது."

"அந்தக் காலத்துலயே சுமார்தான்னு சொல்றாங்களே."

 "யாரு சார் சொன்னது?" என்றீர்கள்.

"பொதுவா ஒரு பேச்சு. அதே வருஷத்துல இன்னொரு வண்டி வந்துதாமே, உருண்டையா. அதுதான் ஒசத்தின்னு கேள்விப்பட்டேன்."

"அதுவும் நல்ல வண்டிதான் சார். காலையில எழுப்புறதுதான் கஷ்டம். எழுந்துட்டா தங்கம்."

அப்பா இந்தப் பதிலுக்குத் தயாராக வரவில்லை. கைக்குட்டை நழுவியது. பிடித்து மறுபடி வைத்துக்கொண்டு, "ஏத்தத்துல உங்க வண்டி எப்படி?" என்று கேட்டார்.

"சூடாகும் சார். மறைச்சு விக்கிற பழக்கம் இல்ல. பாதியில நிறுத்தி, ஆற வெச்சு, தண்ணி ஊத்தணும். அவசரப்படாத ஆள் கையில குடுக்கணும்னு பாக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று பேராசிரியர் போனை வைத்துவிட்டார். நீங்கள் பொய் சொல்வீர்கள், அதைச் சாக்காக வைத்து நன்றாகத் திட்டலாம் என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. அம்மா மட்டும், "சாப்பிட்டானான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"புரொபசர் எதுக்கு அதைக் கேக்கப் போறான்? கேட்டா நான் மாட்டிக்க மாட்டேனா?" என்று அப்பா கத்தினார்.

உங்கள் சண்டைக்கு நான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் பட்டம் கொடுத்த நாள் அன்று இரண்டு வண்டிகளும் வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நின்றன. நீங்கள் மீசையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா பட்டதாரி" என்றீர்கள். அப்பா பூசணியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றில் ஏறினால் இன்னொன்றில் ஏறவில்லை என்றாகிவிடும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனாள். பின்னால் இரண்டு கார்களும் ஊர்வலம் மாதிரி வந்தன. அதோடு சிரித்து முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வழியில் பஸ் ஏறிப்போன மேட்டில் மீசை நின்றுவிட்டது. அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "உன் வண்டி மாதிரிதான் நீயும். முன்னால மினுக்கு, ஏத்தம் வந்தா நின்னுடுவே" என்றாராம். அது வண்டியைப் பற்றிய பேச்சாக இருந்தால் நீங்களும் பதிலுக்குப் பத்துச் சொல்லியிருப்பீர்கள். அப்போதுதான் நீங்கள் சொந்தமாக வைத்த பெயின்ட் கடையை மூடியிருந்தீர்கள். அப்பா அதை மறந்தே போய்த்தான் சொன்னார் என்று நான் நம்புகிறேன். நீங்கள் தண்ணீர் ஊற்றி, வண்டியைத் திருப்பி, அந்த மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டீர்கள். இரண்டு வருடம் ஆகிறது.

போனில் பொய் சொல்லாத உங்களை நேரில் பிடித்துவிடலாம் என்று அப்பா அடுத்து இரண்டு பேரை அனுப்பினார். முதலில் வந்தவர் எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். இரண்டாவது ஆள் அந்த வெல்டர். உங்களுக்கு இரண்டு பேரையும் நினைவிருக்கும். வாங்குகிற நோக்கம் இரண்டு பேருக்கும் இல்லை. அத்தையின் காபியை மட்டும் உண்மையாகக் குடித்திருக்கிறார்கள்.

முடிவெட்டுபவர் திரும்பி வந்ததும் அப்பா அவரை ஷெட்டுக்குள் உட்கார வைத்து விசாரித்தார். டயர் எப்படி, கியர் விழுகிறதா, சைலன்சரில் புகை என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் எதற்கும் சரியாகப் பதில் சொல்லாமல், "அண்ணே, அந்தப் பின்சீட்ல உக்காந்தா எழுந்திரிக்கவே மனசு வரல. நானே வாங்கிக்கலாமான்னு பாக்கறேன்" என்றார். அப்பா அவரை வெளியே போகச் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக முடிகூட அங்கே வெட்டிக்கொள்வதில்லை.

வெளியே வந்தவரை அம்மா பின்கட்டில் நிறுத்தி, "அவன் இளைச்சிருக்கானா?" என்று கேட்டார்.

"உடம்பு அப்படியேதான் இருக்குக்கா. மேல்தலையில கொஞ்சம் போயிடுச்சு. இன்னும் ஒரு வருஷம் தாங்கும். ஆனா அங்க எவனோ காதோரத்துல கோணலா வெட்டி விட்டிருக்கான். பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியைத் தூர ஊருக்கு அனுப்பிய துக்கம் எல்லாம் அந்தக் காதோரத்தில் வந்து நின்றுவிட்டது போலிருந்தது.

வெல்டர் வேறு மாதிரி. அப்பாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தார். "அடியெல்லாம் துரு அண்ணே. கதவைத் தட்டினா உதிருது. ஓட்டுறதுக்கு இல்ல, எடைக்குப் போட வேண்டிய சாமான்" என்றார். அப்பா இப்படிச் சொல்லாத நாளே இருந்ததில்லை. இதைவிட மோசமாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எதை எடைக்குப் போடணும்?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, நீங்கதானே எப்பவும்..."

"நான் சொல்லுவேன். எனக்கு அவன் மச்சான். நீ யாரு? இவ பொறந்த அன்னிக்கு மழையில என் வண்டி எழுந்துக்கல. இவ அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அந்த வண்டி. நாலு வைப்பர் போட்டாலும் ரோடு தெரியாத மழை. ஜன்னல் வழியாத் தலைய நீட்டி நனைஞ்சுக்கிட்டே ஓட்டினான். எடைக்குப் போடணுமாம்."

மாமா, இத்தனை வருடமாக நான் பூசணியில் போய்ப் பிறந்ததாகத்தான் என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பூசணியின் பின்கதவைக் காட்டி, "இந்தக் கதவு வழியாத்தான் உன் அம்மா இறங்கினா" என்று அப்பா சொல்வார். நான் அந்தக் கதவின் மேல் தனிப் பிரியம் வைத்திருந்தேன். நீங்களும் அம்மாவும் ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. அப்பாவின் பேச்சைக் கேட்டு நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தார். வெல்டர் போன பிறகு அப்பா என்னைப் பார்க்காமலே, "மழைன்னா எல்லா வண்டியும் அப்படித்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை வந்து சேர்ந்தது. "மீசை கை மாறுறதுக்கு முன்னாடி இந்த விவகாரத்தை முடிச்சிடணும். நீ படிச்சவ. நடுநிலையா எழுது. எது ஒசத்தின்னு கடைசியா ஒரு வரி போடு" என்றார். ஷெட்டில் உங்கள் வண்டி முன்பு நின்ற பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தில் அவர் இன்னும் எதையும் வைப்பதில்லை. பூசணியை நடுவில் நிறுத்தினால் கதவைத் தாராளமாகத் திறந்து இறங்கலாம். ஆனாலும் சுவரை ஒட்டித்தான் நிறுத்துகிறார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதான் இறங்குகிறார்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பூசணி மேட்டில் மூச்சு வாங்காது, எழுதிக்கோ. டிக்கியில் ஒரு குடும்பத்தின் சாமானை அடைக்கலாம், எழுதிக்கோ. தகரம் கனம், இடித்தால் சுவர்தான் விழும், எழுதிக்கோ. எல்லாம் எழுதினேன். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இப்ப அவன் என்ன சொல்லுவான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவரே சொன்னார். "ஏன் மச்சான், மேடு ஏறினா மட்டும் போதுமா? உக்காந்தவன் இடுப்பு என்ன ஆவுறது? உங்க வண்டியில போய் இறங்கினா ஆளை நிமித்த ரெண்டு பேர் வேணும். எங்க வண்டியில டம்ளர் தண்ணியக் கையில வெச்சுக்கிட்டுப் போலாம்." உங்கள் குரல் அப்படியே வந்தது மாமா, அந்த இழுவையோடு. வாயில் கைக்குட்டை இல்லாமலே வந்தது. அதற்கு அவரே அப்பாவாகிப் பதில் சொன்னார். மறுபடி நீங்களாகி மறுத்தார். மீசையின் ரேடியோ இன்னும் பாடுகிறது என்றீர்கள். பாட்டுக் கேட்கவா கார் வாங்குவார்கள் என்றார். பூசணியின் முன்கதவு இடதுபக்கம் திரும்பினால் தானே திறந்துகொள்கிறதே, அது என்ன மரியாதை, போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே வா என்று கூப்பிடுகிறதா என்றீர்கள்.  அப்பா இதில் உங்களை ஜெயிக்க விட்டுவிட்டுப் பூசணியின் பானட்டில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அங்கே நான்தான் இருந்தேன், கையில் பேனாவோடு. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "போதும், மீதியை நீயே எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கடைசி வரியை நான் இன்னும் போடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பூசணியின் உள்ளே கிரீஸ் வாசனையும் அப்பாவின் சட்டை வாசனையும் ஒன்றாக இருக்கும். ஸ்டியரிங் அகலமாக இருப்பதால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பெரிய அதிகாரி மாதிரி தெரிவார். பட்டறையில் நாளெல்லாம் லேத் மெஷினுக்கு முன்னால் குனிந்து நிற்பவர் அவர். மீசையின் முன்கண்ணாடி தாழ்வாக இறங்குவதால் அம்மாவுக்குக் கழுத்தை நீட்டாமல் ரோடு முழுவதும் தெரியும். அதில் போகும்போது அவர் எதிரே வருகிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருவார், ஆடு, லாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று. பூசணியில் ஏறினால் மடியில் கைவைத்துக்கொண்டு பேசாமல் வருவார். எது உயர்ந்தது என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தடவை கேட்டும் அவர் சொன்னதில்லை. "ரெண்டும் போய்ச் சேருதில்ல" என்பதோடு முடித்துக்கொள்வார். போன வாரம் நான் தனியாகக் கேட்டேன். "ஒண்ணு முன்னால போய், இன்னொண்ணு பின்னால வரும் பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கும். முன்னால போறதுல உக்காந்து திரும்பிப் பாத்துக்கிட்டே போகலாம்" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முடிவெட்டுபவர் எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். அவர் கிளம்பும்போது நீங்கள் கேட் வரை வந்து, "உங்க புரொபசர் நல்லா இருக்காரா? முட்டி வலி குறைஞ்சுதா?" என்று கேட்டீர்களாம். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்துக்குத் தைரியம் கொடுத்தது.

ஆகவே நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், வண்டியை விற்பது முழுக்க உங்கள் விருப்பம். குறுகிய சந்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அவ்வளவு பெரிய வண்டியை வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்பது எங்களுக்குப் புரிகிறது. இங்கே யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. அப்பா அதைப் பற்றி நினைப்பதே இல்லை. இனிமேல் இங்கிருந்து பேராசிரியர்களோ வேறு யாருமோ உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன். நல்ல கையாகப் பார்த்து, அவசரப்படாத ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். காபி நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரியவர்களான உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்,
பட்டதாரி

பின்குறிப்பு: இனி யாரும் வர மாட்டார்கள் என்று மேலே எழுதியது சரியில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி பார்க்க ஒரு அம்மாள் வருவார். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. வந்தால் வண்டியைப் பார்க்கவும் மாட்டார், உங்கள் காதோரத்தைத்தான் பார்ப்பார். யாருக்கும் வருத்தமில்லை என்று எழுதியதும், அப்பா நினைப்பதே இல்லை என்று எழுதியதும் சரியில்லை. மீசை போய்விட்டால் உங்களோடு சண்டை போட அவருக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. நல்ல கையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று எழுதியதை அடித்துவிடலாம் என்றால், நீளமான கடிதம், மறுபடி எழுதக் கை வலிக்கிறது. அந்த அம்மாளைக் கொண்டுவந்து விடுகிறவர் உங்கள் தெருமுனையில் பூசணியை நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பார். ரோட்டைப் பார்ப்பது போல் உட்கார்ந்திருப்பார். அம்மா கூப்பிட்டால் வர மாட்டார், அத்தை கூப்பிட்டால் நேரமாகிவிட்டது என்பார், நான் பின்சீட்டில் இருந்து "ம்" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. அதனால் நீங்களே தெருமுனை வரை நடந்து வந்து, கண்ணாடியைத் தட்டி, "மச்சான், இறங்குங்க" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும் மாமா.